தொடையில் ஒரு விலாசம்

பன்றி என்ற சொல்லைக் கேட்டதுமே மூக்கைச் சுளிக்கும் நேயர்கள் தயவு செய்து சிறிது பொறுத்துக்கொள்ள வேண்டும். நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன்தான். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகச் சைவம். முட்டை சேர்ந்திருக்குமோ என்று பிஸ்கோத்தைக்கூட முகர்ந்து பார்த்து வாங்கும் குடும்பம். அப்படிப்பட்டவன் கடல் கடந்து போய், ஒரு தேசத்தின் அரண்மனைகளையும் பொருட்காட்சி சாலைகளையும் விட்டுவிட்டுப் பன்றிக் கொட்டிலைப் பார்த்து வந்து, அதைப் பற்றி எழுதவும் உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் ஒரு பையன்.

நான் உபாத்தியாயராக இருப்பது தரங்கம்பாடிக்குச் சமீபத்தில் ஒரு சிற்றூரில். எட்டாம் வகுப்பில் அந்தப் பையன் படித்தான். கணக்கில் கெட்டிக்காரன். தகப்பனார் பன்றி வளர்ப்பவர். மற்றப் பிள்ளைகள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவன் உள்ளே நுழையும்போது இரண்டொருவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு நாள் நான் ஆஜர்ப் பட்டியல் வாசிக்கையில் அவன் பெயர் வந்ததும், பின் வரிசையிலிருந்து ஒரு குறும்பன் பன்றியைப் போல உறுமினான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வேண்டுமென்று சிரிக்கவில்லை, ஆனால் சிரித்தது சிரித்ததுதான். பையன் என் முகத்தைத்தான் பார்த்தான். மறுநாள் முதல் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவன் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். தகப்பனார் மரியாதையாக எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை, அந்த வீட்டில் நான் உட்கார மாட்டேன் என்று அவராகவே தீர்மானித்துவிட்டார் போலும். "பன்றி எங்களுக்குச் சோறு போடுதுங்க ஐயா. பள்ளிக்கூடம் பட்டப்பேருதானே போடுது?" என்றார். எனக்குப் பதில் அகப்படவில்லை. திரும்பிவிட்டேன்.

இது நடந்தது மாசி மாதத்தில். சித்திரையில் என் மைத்துனன் டென்மார்க்கிலிருந்து டிக்கட்டு அனுப்பினான். அவன் ஜட்லாந்து என்னும் பகுதியில் ஒரு காற்றாலைக் கம்பெனியில் எஞ்சினீயர். எங்கள் பக்கத்தாருக்கு டென்மார்க் அப்படி ஒன்றும் அன்னிய தேசம் அல்ல. 1620-ல் டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845-ல் ஊரை இங்கிலீஷ் கும்பெனிக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். கோட்டை இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சிறு வயது முதல் அதன் நிழலில் சுண்டல் தின்றவன் நான். அவர்கள் நம் ஊருக்கு வந்தார்களே, நாம் ஒரு தடவை அவர்கள் ஊருக்குப் போனால் என்ன என்று புறப்பட்டேன்.

"அத்தான், என்ன பார்க்க ஆசை?" என்று மைத்துனன் கேட்டான்.

"பன்றி" என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசவில்லை.

டென்மார்க்கில் ஆண்டொன்றுக்குச் சுமார் மூன்று கோடிப் பன்றிகள் பிறந்து வளர்கின்றன. ஜனத்தொகையோ அறுபது லட்சம். ஆளுக்கு ஐந்து பன்றி வீதம் இருக்கிறதே, வீதியில் கால் வைக்க இடம் இருக்குமோ என்று எண்ணியிருந்தேன். மூன்று நாள் ஜட்லாந்தைச் சுற்றினேன். பச்சைப் பசேல் என்று பார்லி வயல்கள். வெள்ளையடித்த மாதா கோயில்கள். மெதுவாகச் சுழலும் காற்றாலைகள். பன்றி மாத்திரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வயல்களின் நடுவே ஜன்னல் குறைந்த நீண்ட கட்டிடங்கள் தெரிந்தன. சில வேளை காற்றில் ஒரு வாசனை வந்தது. அவ்வளவுதான். நம் ஊரில் பன்றி எல்லோர் கண்ணிலும் படும். அது யாருடையது, என்ன தின்றது, என்ன நோயில் கிடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அங்கே பன்றி கண்ணுக்குத் தெரியாது. அதன் கணக்கோ சர்க்கார் வரையில் தெரியும்.

இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பது ரஸமான சரித்திரம். 1864-ல் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நடந்த யுத்தத்தில் தோற்று, டென்மார்க் தன் தென்பகுதியான ஷ்லெஸ்விக்கையும் ஹோல்ஸ்டைனையும் இழந்தது. சிறிய தேசம் மேலும் சிறியதாயிற்று. பிறகு அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் ஐரோப்பாவில் வந்து குவிந்தது. தானியம் விற்றுப் பிழைத்த குடியானவர்கள், தானியத்தை மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டு வெண்ணெயும் இறைச்சியுமாக விற்கத் தலைப்பட்டார்கள். அதற்கும் ஒரு இடி விழுந்தது. 1887-ல் ஜெர்மனி, நோயைக் காரணம் சொல்லி, டேனிஷ் பன்றிகளை உயிரோடு உள்ளே விட மாட்டேன் என்று எல்லையை மூடியது. அதே வருஷம் ஜட்லாந்தின் ஹார்சன்ஸ் நகரத்தில் குடியானவர்கள் ஒன்று சேர்ந்து கூட்டுறவு முறையில் ஒரு அறுப்புக் கூடம் அமைத்தார்கள். உயிருள்ள பன்றிக்குப் பதிலாக, உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியை இங்கிலீஷ்காரனின் காலைப் பலகாரத்துக்கு அனுப்பினார்கள். கூட்டுறவுச் சங்கங்களில் பெரிய மிராசுதாரனுக்கும் சின்னக் குடியானவனுக்கும் ஆளுக்கு ஒரே வாக்குத்தான். எத்தனை தலை மாடு என்பதல்ல, எத்தனை தலை மனிதர் என்பதே கணக்கு.

இங்கேதான் எனக்குச் சுவாரசியம் தட்டியது. கூட்டாக விற்கும்போது ஒருவன் கெட்ட சரக்கு அனுப்பினால் எல்லோருடைய பெயரும் கெடும். ஆகையால் யாருடைய பன்றி எது என்று தெரிந்தே ஆகவேண்டும். அடுத்தவன் கொட்டிலைப் பற்றிக் கவலைப்படுவது அங்கே வம்பு அல்ல, தொழில். இவ்வளவு கட்டுப்பாடு குடியானவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாதிரியார் குருண்ட்விக் என்பவர் கனவு கண்ட ஜனப் பள்ளிக்கூடங்களைச் சொல்கிறார்கள். 1844-ல் முதல் பள்ளி ரோடிங் என்ற கிராமத்தில் தொடங்கிற்று. பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது. குடியானவ வாலிபர்கள் குளிர்காலத்தில் வந்து தங்கிச் சரித்திரமும் பாஷையும் படித்துவிட்டு வயலுக்குத் திரும்பினார்கள். பரீட்சை இல்லாத பள்ளிக்கூடம்! உபாத்தியாயர்கள் பெருமூச்சு விடலாம்.

மைத்துனனுடைய சிநேகிதர் மூலம் ஒரு பண்ணைக்குப் போக அனுமதி கிடைத்தது. அனுமதி என்றால் லேசில் அல்ல. கடைசியாகப் பன்றிக்கு அருகில் எப்போது போனேன் என்று டெலிபோனில் விசாரித்தார்கள். அயல்நாட்டில் பன்றியோடு பழகியவர் இரண்டு நாள் கழியாமல் தங்கள் வாசலை மிதிக்கக் கூடாதாம். "பையில் சாப்பாடு ஏதாவது இருக்கிறதா?" என்பது அடுத்த கேள்வி. என் பையில் இருந்தவை புளியோதரையும் இரண்டு வடுமாங்காயும். அவற்றையும் காரிலேயே விட்டுப் போகச் சொன்னார்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று ஒரு நோய். மனிதருக்கு அதனால் கெடுதல் இல்லை. பன்றிக்கு வந்தால் கிட்டத்தட்ட மரணந்தான். இறைச்சித் துண்டின் மூலமும் பரவும். 2020-ல் நம் அஸ்ஸாமுக்கும் அது வந்து ஏராளமான பன்றிகளைக் கொன்றது. காட்டுப்பன்றிகள் மூலம் வந்துவிடுமே என்று பயந்து டென்மார்க் ஜெர்மனி எல்லையில் சுமார் எழுபது கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி போட்டு 2019-ல் முடித்தது. 1887-ல் எல்லையை மூடியது ஜெர்மனி; இப்போது வேலி போட்டதோ டென்மார்க்!

பண்ணைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். என் முழு உயரம் அவர் தோள் அளவு. வாசலில் ஒரு பெஞ்சு குறுக்கே போட்டிருந்தது. பெஞ்சுக்கு இந்தப் பக்கம் வெளியுலகம்; அந்தப் பக்கம் பன்றியுலகம். என் ஜோட்டை இந்தப் பக்கம் கழற்றி, காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, குளித்து, அவர்கள் கொடுத்த உடுப்பையும் ரப்பர் ஜோட்டையும் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவதுண்டு. குளித்துவிட்டுப் பன்றிக் கொட்டிலுக்குப் போனது அன்றுதான்.

"நாங்கள் உங்களைக் கண்டு பயப்படுகிறோம், நீங்கள் பன்றியைக் கண்டு பயப்படுகிறீர்கள்" என்று அவர் சிரித்தார்.

உள்ளே பன்றிகள் வெளிர் சிவப்பு நிறம். நம் ஊர்க் கறுப்புப் பன்றிகளைப் பார்த்த கண்ணுக்கு ஏதோ சட்டை போடாத துரைமார்களைப் போல் தோன்றின. மேலேயிருந்து குழாய் மூலம் தண்ணீர் தூவியது. பன்றிக்கு நம்மைப் போல் வியர்த்துக் குளிர்ந்துகொள்ளத் தெரியாது. சேற்றில் புரள்வது அழுக்கின் மேல் ஆசையால் அல்ல, உடம்பின் சூட்டைத் தணிக்கத்தான். அதனால் இருபது கிலோவுக்கு மேற்பட்ட பன்றிகளுக்குத் தண்ணீர் தூவும் ஏற்பாடு இருக்கவேண்டும் என்று அந்தத் தேசத்தில் சட்டமே இருக்கிறது. கிளறி விளையாட வைக்கோல் போன்ற பொருள் கொடுக்கவேண்டும். நோய்ப்பட்டதையும் காயம்பட்டதையும் தனியாக மெத்தென்ற தரையில் விடுவதற்கு ஆஸ்பத்திரிக் கொட்டில் வேண்டும். சினைப் பன்றிகளைத் தனித்தனிச் சட்டத்தில் அடைக்காமல் பெரும்பாலான நாட்களுக்குக் கூட்டமாக விடவேண்டும் என்பது 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் விதி. இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்த எனக்குப் பரம திருப்தி. ஊருக்குப் போய் என்ன எழுதுவது என்பதுகூட மனத்தில் உருவாகிவிட்டது.

அடுத்த அறையில் அது கலைந்தது.

அது ஈன்ற பன்றிகளின் அறை. ஒவ்வொரு தாயும் திரும்பிப் படுக்க முடியாத இரும்புச் சட்டத்துக்குள் கிடந்தது. குட்டிகள் மேல் விழுந்து நசுக்கிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடாம். பால் குடி மறக்கும் வரையில் ஏறக்குறைய நாலு வாரம் அப்படித்தான். நான் ஒரு தாயின் குட்டிகளை எண்ணினேன். பதினேழு. காம்புகளை எண்ணினேன். பதினாலு. கணக்கு வாத்தியாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரே ஈற்றில் அதிகக் குட்டி போடும்படியாக வம்சம் வம்சமாகப் பொறுக்கி எடுத்ததன் பலன் இது. மிஞ்சிய குட்டிகளைப் பால் மிகுந்த வேறொரு தாயிடம் செவிலித் தாயாக ஒப்படைக்கிறார்கள். அப்படியும் பிறப்பவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பால் மறக்குமுன் மாண்டுபோகிறது.

குட்டிகளின் வாலும் பாதியாக வெட்டப்பட்டிருந்தது. நெருக்கத்திலும் சலிப்பிலும் ஒன்றின் வாலை ஒன்று கடித்துப் புண்ணாக்கிக்கொள்கின்றன. அதற்காக முன்கூட்டியே வெட்டிவிடுகிறார்கள். வழக்கமாக வெட்டக் கூடாது என்று ஐரோப்பிய விதி இருக்கிறது. இருந்தும் டென்மார்க்கில் பெரும்பாலான பன்றிகளுக்கு வால் முழுசாக இல்லை. 2017-ல் சர்க்கார் ஒரு இருதய முத்திரை கொண்டுவந்தது. ஒன்று, இரண்டு, மூன்று இருதயங்கள். இருதயம் கூடக் கூடப் பன்றிக்குச் சௌகரியமும் இறைச்சிக்கு விலையும் கூடும். ஒரே ஒரு இருதயம் வேண்டுமானாலும் வாலை வெட்டக் கூடாது. கடைகளில் அந்த இறைச்சி கிடைக்கிறது. "நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாங்கும்போது விலையைப் பார்க்கிறார்கள்" என்றார் பண்ணைக்காரர். அவர் பண்ணையில் இருதய முத்திரை இல்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை.

அவர் மறைக்க முடியாது என்பதே விஷயம். எத்தனை குட்டி செத்தது, எந்தக் கொட்டிலுக்கு எந்தத் தேதியில் என்ன மருந்து கொடுத்தது, யார் கொடுத்தது எல்லாம் எழுதியிருந்தது. ஆண்டிபயாட்டிக் மருந்தைப் பற்றி அவர் வெகு நேரம் பேசினார். முன்பெல்லாம் நோய் இல்லாத பன்றிக்கும் கொழுப்பதற்காகத் தீவனத்தில் அதைக் கலந்து போட்டார்கள். ஓயாமல் மருந்து கண்ட கிருமி மருந்துக்கு மசியாது. அந்தக் கிருமி மனிதனுக்கு வந்தால் வைத்தியர் கையை விரிப்பார். டென்மார்க்கில் 1990-களின் இறுதிக்குள் இந்தக் கலப்படத்தை நிறுத்திவிட்டார்கள். வைத்தியரே மருந்தை விற்று லாபம் பார்ப்பதையும் அதற்கு முன்பே தடுத்தார்கள். விற்கிற கையே சீட்டும் எழுதினால் சீட்டு நீளமாகத்தானே இருக்கும்? 2000 முதல் எந்தப் பண்ணைக்கு எவ்வளவு மருந்து போயிற்று என்பது தேசப் பதிவேட்டில் ஏறுகிறது. 2010-ல் கால்பந்தாட்டத்தில் காட்டுவதுபோல் மஞ்சள் சீட்டு முறையும் வந்தது. குறித்த அளவுக்கு மேல் மருந்து செலவழித்த பண்ணைக்காரனுக்குச் சீட்டு வரும். அவன் குறைத்தாக வேண்டும்.

"உங்களுக்கு வந்ததுண்டா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவை" என்றார். பிறகு, பள்ளியில் பெஞ்சு மேல் நின்றதைச் சொல்லும் பழைய மாணவனைப் போலச் சிரித்தார்.

கடைசியாக ஒரு கருவியைக் கையில் கொடுத்தார். சுத்தியல் போன்றது. தலைப்பில் ஊசிகளால் அமைந்த எண்கள். மையில் தோய்த்து, அறுப்புக்குப் போகும் பன்றியின் இரண்டு தொடையிலும் ஒரு தட்டுத் தட்டினால் பண்ணையின் எண் பச்சை குத்தியதுபோல் பதிந்துவிடும். ரோமத்தைப் பொசுக்கினாலும் போகாது. பிறந்த பண்ணையை விட்டு வேறு பண்ணைக்குப் போகும் பன்றிக்குக் காதில் வில்லை. எங்கிருந்து எங்கே போயிற்று என்பதை ஏழு நாளுக்குள் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றவேண்டும். நம் ஊர்ப் பசுக்களின் காதிலும் இப்போது பன்னிரண்டு இலக்கத்தோடு மஞ்சள் வில்லை தொங்குகிறதல்லவா? எங்கள் வீட்டுப் பசுவுக்கும் உண்டு. அந்த எண்ணை இதுவரை நான் ஒரு தடவையும் வாசித்ததில்லை என்பது அங்கே நிற்கையில்தான் ஞாபகம் வந்தது.

மறுநாள் ஹார்சன்ஸுக்குப் போனோம். அங்கே இப்போது இருப்பது டேனிஷ் கிரவுன் என்னும் பெரிய கூட்டுறவு ஸ்தாபனத்தின் அறுப்புக் கூடம். வாரத்துக்கு லட்சம் பன்றி வரை அறுப்பதற்கென்று கட்டியது. பொதுஜனங்கள் பார்ப்பதற்காகக் கண்ணாடிச் சுவரோடு ஒரு நடைபாதை வைத்திருக்கிறார்கள். மைத்துனன், "அத்தான், நீங்கள் வெளியே இருங்கள்" என்றான். உள்ளே போனேன். பாதி தூரம் வரை நன்றாகப் பார்த்தேன். பன்றிகளைச் சிறு சிறு கூட்டங்களாக அதட்டாமல் ஓட்டி வருகிறார்கள். கரியமில வாயு நிறைந்த அறைக்குள் இறக்கி நினைவிழக்கச் செய்கிறார்கள். அந்த வாயு மூச்சில் ஏறும்போது பன்றிக்குச் சில விநாடி வேதனை உண்டு என்றும், அதைவிட நல்ல வழியைத் தேடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். அதற்கு மேல் நான் எண்களைத்தான் பார்த்தேன். தொடையில் இருந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். நுரையீரலில், ஈரலில் நோய்க் குறி இருந்தால் அந்தச் செய்தி எண்ணைப் பிடித்துக்கொண்டு பண்ணைக்குத் திரும்பிப் போகிறது. 1995 முதல் மாதிரிக்குச் சிறிது இறைச்சி எடுத்து, அதன் சாற்றில் ஸால்மொனெல்லா என்னும் வயிற்று நோய்க் கிருமியின் அடையாளத்தைத் தேடுகிறார்கள். அதைக் கொண்டு பண்ணைகளை மூன்று வகுப்பாகப் பிரித்து, கீழ் வகுப்புக்குப் பணத்தில் பிடித்தம் செய்கிறார்கள். செத்த பிறகும் பன்றி தன் எஜமானனைப் பற்றிச் சாட்சி சொல்கிறது! வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மைத்துனன் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான்.

புறப்படுமுன் பண்ணைக்காரர் வீட்டில் காப்பி சாப்பிட்டோம். அவருடைய மகள் விவசாயக் கலாசாலையில் படிக்கிறாள். பண்ணையை அவளே எடுத்து நடத்தப் போகிறாள். நான் எங்கள் ஊர்ப் பையனுடைய கதையைச் சொன்னேன். என் சிரிப்பையும் மறைக்காமல் சொன்னேன். தகப்பனாரும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சில வருஷங்களுக்கு முன் டென்மார்க்கில் ஒரு கிருமியைப் பற்றிப் பெரிய அமளி. மருந்துக்கு மசியாத அந்தக் கிருமி பெரும்பாலான பன்றிப் பண்ணைகளில் இருப்பதாகத் தெரிந்தது. பன்றியோடு பழகுகிறவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் இன்றும் முதலில் அதற்குச் சோதிக்கிறார்கள். அந்தச் சமயம் இந்தப் பெண்ணுக்குப் பிறந்த நாள் வந்தது. வகுப்பில் உள்ள எல்லாக் குழந்தைகளையும் அழைத்திருந்தார்கள். ஒரு தாயார் டெலிபோன் செய்து, தன் குழந்தையை அனுப்புவது அபாயமில்லையா என்று கேட்டாள். இன்னும் இரண்டு பேர் கேட்கவும் இல்லை, குழந்தைகள் வரவில்லை. "நாற்காலிகளை எடுக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். காலியாகவே மூன்று நாற்காலி இருந்தது" என்றாள் அந்தப் பெண்.

ஊர் திரும்பியதும் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை திண்ணையில் நானாகவே உட்கார்ந்தேன். சுத்தியலின் படத்தைத் தகப்பனாரிடம் காட்டினேன். அவர் அதை வெகு நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து, கொல்லையில் நின்ற ஒரு பன்றியைச் சத்தம் கொடுத்து அழைத்து, அதன் காதைப் பிடித்துக் காட்டினார். ஓரத்தில் இரண்டு வெட்டு.

"ரெண்டு வெட்டு நம்மளுது ஐயா. மேல் ஓரத்துல ஒரு வெட்டுன்னா என் தம்பியுது. ஊர்ல எங்கே மேஞ்சாலும் தெரியும்" என்றார்.

எத்தனை வருஷமாக அந்தத் தெருவில் நடந்து போகிறேன்! பன்றியின் காதில் எழுத்து இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

அவர் இரும்புச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். "நாலு வாரமா? திரும்பாமலா?" என்று நாக்கைச் சப்புக் கொட்டினார். மருந்துக் கணக்கைப் பற்றிக் கேட்டார். தம்முடையவற்றுக்குக் காய்ச்சல் வந்தால் கடையில் கொடுக்கிற ஊசியைப் போடுவதாகவும், என்ன ஊசி என்று கேட்டதில்லை என்றும் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "அந்த ஊர்ல பன்னிக்காரர் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க ஐயா?" என்றார்.

பிறந்த நாள் கதையைச் சொன்னேன்.

"அங்கேயுமா!" என்றார்.

பையன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் நான் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், பதில் சொல்லவில்லை. கொண்டுபோயிருந்த கோடு போட்ட நோட்டுப் புஸ்தகத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து மூன்றாம் நாள் வந்தான். இப்போதும் வாரத்தில் ஒரு நாள் வராமல் இருக்கிறான். கேட்டால் அன்று பன்றியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்கிறான். போன வாரம் நோட்டுப் புஸ்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தான். பென்ஸிலால் கட்டம் போட்டிருந்தது. முதல் வரியில்: "இரண்டு வெட்டு. கறுப்பு. தாய். குட்டி 8. செத்தது 1. ஊசி: பெயர் கேட்க வேண்டும்."